மூன்று மாதம் மறைப்பது யாரிடம்?

நெல் விதைத்த கமக்காரன் முதல் இரண்டு கிழமையும் வயலை விட்டு விலகமாட்டான். தண்ணீரைக் கட்டுவான், வடிப்பான், பறவையைக் கலைப்பான், வரம்பைச் சுற்றிப் பார்ப்பான். அந்த நாட்களில் விட்ட பிழையைப் பின்னர் எத்தனை அந்தர் பசளை போட்டாலும் திருத்த இயலாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அதே கமக்காரனின் வீட்டில் ஒரு கரு உண்டாகும்போது முதல் மூன்று மாதங்களும் பெரும்பாலும் எவரும் பாராமலே கழிந்துவிடுகின்றன. வயிறு வெளியே தெரிந்த பின்னரே வீடு விழித்துக்கொள்கிறது. இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதே எமது கருத்து.

"பிள்ளை, மூன்று மாதம் கழியட்டும். அதுவரை ஒருவருக்கும் வாய் திறவாதே" என்று மாமியோ தாயோ சொல்வது எங்கள் ஊர்களில் வழக்கம். கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம் ஒருபுறம். கரு தங்காமற் போனால் ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம் மறுபுறம். இதை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஒரு பெண் தன் மனத்துக்குள் வைத்திருக்க விரும்பும் செய்தியை ஊர் முழுவதும் சொல்லித் திரிய வேண்டியதில்லை. ஆயினும் ஊருக்கு மறைப்பது வேறு. கணவனுக்கும் மருத்துவமாதுக்கும் மறைப்பது வேறு. முன்னையது அவரவர் விருப்பம். பின்னையது ஆபத்து.

ஊர் மாறியோரின் நிலை

இடம்பெயர்ந்து வாழ்வோரிடையே இந்த மறைப்பு இன்னும் நீண்டுவிடுகிறது. சொந்த ஊர் என்றால் தாய் பக்கத்து வளவில் இருப்பாள். மகளின் முகவாட்டத்தைக் கண்டே அறிந்துகொள்வாள். அயலில் விபரம் தெரிந்த ஆச்சி ஒருவர் இருப்பார். மருத்துவமாது யார், கிளினிக் எந்தக் கிழமை என்பதெல்லாம் சிறு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஊரை விட்டு வந்தபின் இந்தத் தொடர்புகள் எல்லாம் அறுந்துபோகின்றன.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாய்மாராகும் வயதில் இருக்கிறார்கள். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களிலும், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களிலும் கர்ப்பவதிகள் இருந்தார்கள். அவர்களிற் பலரை "எத்தனை மாதம்?" என்று கேட்பதற்கும் ஆளில்லை. இன்று கேட்பதற்கு ஆள் உண்டு. நாம்தான் சொல்லாமல் இருக்கிறோம்.

அண்மையில் ஒரு குடியேற்றத்தில் மாதர் சங்கக் கூட்டத்தில் நாம் கலந்துகொண்டபோது, ஐந்தாம் மாதத்தில் இருந்த இளம்பெண் ஒருவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய அடையாள அட்டையில் இருப்பது பழைய ஊர் விலாசம். கர்ப்பத்தைப் பதிவதென்றால் அந்த ஊருக்கே போகவேண்டும் என்று நினைத்திருந்தாராம். போய்வர பஸ் காசும் போகும், ஒரு நாட் கூலியும் போகும் என்று நாளைக் கடத்தியிருக்கிறார். அவரது கொட்டிலுக்கு அரை மைல் தூரத்தில் மருத்துவமாது ஒருவர் கிழமைதோறும் வந்து போய்க்கொண்டிருந்தார். இவர் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் வருவது இவருக்குத் தெரியாது. இப்படிக் கழிந்த நாலு மாதங்களை எவராலும் திருப்பித் தர இயலாது.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். கர்ப்பவதி பதியப்படுவது அவள் இப்போது வாழும் இடத்தில். வாடகை வீடாக இருந்தாலும், உறவினர் வளவில் போட்ட கொட்டிலாக இருந்தாலும், நலன்புரி நிலையமாக இருந்தாலும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரே, அதாவது நாம் மருத்துவமாது என்று அழைப்பவரே, அவளைப் பதிந்து பார்க்க வேண்டியவர். அதற்குக் காணி உறுதி தேவையில்லை. பணமும் தேவையில்லை.

உள்ளே நடப்பது என்ன?

கர்ப்பத்தின் கணக்கு, கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அந்த நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள். ஆகவே மாதவிலக்கு ஒரு கிழமை பிந்திவிட்டது என்று ஒரு பெண் உணரும்போது, கணக்கின்படி அவள் ஐந்து வாரக் கர்ப்பவதி. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் ஏறக்குறைய ஆறாம் வாரத்தில் மூடிவிடுகிறது. இருதயம் துடிக்கத் தொடங்குவதும் அந்த அளவில்தான். பன்னிரண்டாம் வாரம் முடியும்போது கை, கால், விரல்கள், கண், காது, ஈரல், சிறுநீரகம் ஆகிய உறுப்புக்கள் எல்லாம் அமைந்துவிடுகின்றன. அப்போது பிள்ளையின் நீளம் ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் மாத்திரமே. எங்கள் பெருவிரல் அளவு. அதன் பின்னர் நடப்பது பெரும்பாலும் வளர்ச்சி.

மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லும்போது, வீட்டுக்கு அத்திவாரம் போட்டு முடிந்த பின்னர் மேசனைக் கூப்பிடுவோம் என்று சொல்கிறோம். போலிக் அமிலக் குளிசை இதற்கு நல்ல உதாரணம். முள்ளந்தண்டு சரியாக மூடாமற் பிறக்கும் குறையைப் பெருமளவு தடுக்க வல்லது இந்தச் சிறு குளிசை. கருத்தரிக்க முன்னரே தொடங்கினால் மிக நல்லது. இல்லையேல் அறிந்த நாளிலேயே தொடங்க வேண்டும். நாலாம் மாதத்தில் தொடங்கினால் அந்தக் குறையைத் தடுக்கும் காலம் கடந்திருக்கும். இதற்காகவே புதுமணத் தம்பதிகளையும் மருத்துவமாது பதிந்து இக்குளிசையைக் கொடுக்கிறார். மணமுடித்த பிள்ளைகள் வெட்கப்படாது அவரைச் சந்திக்க வேண்டும்.

உடம்பில் தெரிவன

மாதவிலக்கு நிற்பது முதல் அறிகுறி. மார்பு கனத்து நோகும். அடிக்கடி சிறுநீர் போகும். காரணமின்றிக் களைப்பும் நித்திரையும் வரும். ஆறாம் வார அளவில் ஓங்காளமும் சத்தியும் தொடங்கும். காலையில் மட்டுமன்றி எந்த நேரத்திலும் இது வரலாம். தாளிக்கும் வாசமும் மீன் வாசமும் பொறுக்க இயலாதிருக்கும். நேற்று விரும்பி உண்டதை இன்று பார்க்கவும் முடியாது. பெரும்பாலானோருக்கு இது 12 முதல் 16 வாரங்களுக்குள் தணிந்துவிடும். இவை நோயுமல்ல, சோம்பலுமல்ல. "நாங்கள் பிள்ளை பெறவில்லையா?" என்று மருமகளைக் கடிந்துகொள்ளும் மாமிமார் தங்கள் முதற் பிள்ளையின் மூன்றாம் மாதத்தைச் சற்று நினைத்துப் பார்ப்பார்களாக.

படுக்கையை விட்டு எழுமுன் ஒரு விசுக்கோத்தோ ஒரு துண்டு பாணோ உலர்வாகத் தின்றால் ஓங்காளம் குறையும். வயிற்றைக் காயவிடாமல் கொஞ்சங் கொஞ்சமாக ஐந்து ஆறு தடவை உண்பது நல்லது. இஞ்சி தட்டிப்போட்ட தண்ணீர் பலருக்குச் சுகம் தரும். சமைக்கும் வாசம் ஒத்துக்கொள்ளாவிட்டால் சில கிழமைக்குக் கணவன் உலை வைத்தால் வானம் இடிந்து விழாது. மண், சாம்பல், பச்சையரிசி தின்ன ஆசை வருமானால் அதைப் பகிடியாக எடுக்காது மருத்துவமாதிடம் சொல்லுங்கள். உடலில் இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இவ்வாசை காணப்படுவதுண்டு.

என்ன உண்பது?

இரண்டு பேருக்குச் சாப்பிடு என்பார்கள். முதல் மூன்று மாதத்தில் அளவைக் கூட்ட வேண்டிய தேவை அதிகம் இல்லை. வகையைக் கூட்ட வேண்டும். பிள்ளை சிறிதாக இருந்தாற் பேறு இலகு என்று எண்ணி வயிற்றைக் கட்டுவது பெருந் தவறு. நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம்.

இடம்பெயர்ந்த குடும்பத்திற்குக் கடைச் சத்துமா வாங்க இயலாதிருக்கலாம். ஆனால் கொட்டிலின் வேலியில் ஒரு முருங்கைக் கதியால் நடலாம். வாய்க்கால் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கிடைக்கும். பயறு, கௌபி, கடலை இவற்றில் ஏதாவதொன்று நாளாந்தம் சட்டியில் விழட்டும். பெரிய மீன் வாங்க முடியாவிட்டால் நெத்தலியும் சூடையும் சத்தில் குறைந்தவையல்ல. ஒரு முட்டை இருக்குமானால் அது இவளுக்கு. வீட்டில் ஆண்கள் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம் கர்ப்பவதிக்கு ஆகாது. கீரையோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலிற் சேரும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணீர் அதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா தாய்க்கு உரியது. அதை வீடு முழுவதும் பங்கிட்டால் ஒருவருக்கும் பயனில்லை.

நன்கு பழுத்த பப்பாசிப்பழம் அளவோடு உண்பதால் கரு கலையாது. பால் வடியும் காயை மட்டும் தவிர்த்தாற் போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடிப்பது எல்லோருக்கும் நல்லது, கர்ப்பவதிக்கு அவசியம்.

தோட்டமும் வயலும்

வழமையான வேலை கருவைக் கெடுக்காது. ஆனால் தூரக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் சுமப்பது, விறகுக் கட்டுத் தூக்குவது, மத்தியான வெயிலில் மணிக்கணக்காகக் குனிந்து களை பிடுங்குவது ஆகியவற்றைக் கணவனும் வீட்டாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கிருமிநாசினி, களைநாசினி கலக்கும் வேலையும் தெளிக்கும் வேலையும் அவளிடம் வரவே கூடாது. மருந்தடித்த வெங்காயத் தறையில் அன்றே இறங்கி வேலை செய்யக் கூடாது. மருந்தடித்துவிட்டு வரும் கணவன் தன் உடுப்பைத் தானே புறம்பாகத் தோய்க்கட்டும். மருந்துப் போத்தல்களை அவள் படுக்கும் அறையில் வைக்க வேண்டாம். ஒற்றை அறைக் கொட்டில் என்றால் வெளியே பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தவர்கள் மலேரியாவை மறந்திருக்கமாட்டார்கள். மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. இப்போது எம்மை வருத்துவன டெங்குவும் எலிக்காய்ச்சலும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. வயற் சேற்றில் இறங்குவோருக்குச் சுகாதாரப் பகுதியினர் தடுப்புக் குளிசை கொடுப்பது வழக்கம். கணவனுக்குக் கிடைத்த அந்தக் குளிசையைக் கர்ப்பவதி தானாக எடுத்து விழுங்கக் கூடாது. கருவைச் சுமக்கும் காலத்தில் காயத்தோடு சேற்றில் இறங்காதிருப்பதே அவளுக்குத் தடுப்பு. காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் "நான் கர்ப்பம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மறைத்தால் கொடுக்கக் கூடாத மருந்தை வைத்தியர் கொடுக்க நேரிடலாம். கடையில் கேட்டு வாங்கும் நோக் குளிசைகளும் அப்படியே. புகையிலையோடு வெற்றிலை போடுவதும், பக்கத்தில் இருந்து பிறர் புகைப்பதும், சாராயமும் கள்ளும் கருவுக்குக் கேடு.

உடனே போக வேண்டிய நேரங்கள்

தண்ணீரும் வயிற்றில் தங்காமல் ஒரு நாள் முழுவதும் சத்தி எடுத்து, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போனால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்ற வேண்டி வரும். இரத்தம் சிறிது பட்டாலும் காட்ட வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்மூட்டு நோ, மயக்கம் என்பன வந்தால் கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம். அந்தக் குழாய் வெடித்தால் உள்ளே இரத்தம் பெருகி, மணித்தியாலங்களில் உயிர் போகும். நேர்த்தியும் நூலும் பிறகு பார்க்கலாம். முதலில் வாகனம் பிடியுங்கள். நடு இரவானாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கரு தங்காமற் போவதைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. தெரியவரும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படி முடிகின்றன. முதல் மாதங்களில் நிகழும் இழப்புக்களிற் பெரும்பாலானவற்றிற்குக் காரணம் கரு உண்டாகும்போதே அமைந்துவிட்ட குறை. அவள் படி ஏறியதோ, பஸ்ஸில் போனதோ, யாரோ பார்த்ததோ அல்ல. ஏற்கனவே நிலத்தையும் வீட்டையும் இழந்த பெண்ணின் தலையில் இந்தப் பழியையும் போடுவது பாவம். அவளுக்கு ஓய்வும் வைத்தியரும் ஆறுதலான ஒரு வார்த்தையும் வேண்டும். இரத்த வகை றீசஸ் நெகற்றிவ் என்றால் ஊசி ஒன்றும் தேவைப்படலாம். அதை அறிவதற்கும் அவள் பதிந்திருக்க வேண்டும்.

பதிவதால் என்ன பயன்?

எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது எமது நாட்டின் தாய் சேய் நலத் திட்டத்தின் எதிர்பார்ப்பு. பதிந்தவுடன் உயரம், நிறை, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். இரத்தத்தில் இரும்புச்சத்து நிலை, இரத்த வகை, சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியன பார்க்கப்படும். இந்தக் கடைசி இரண்டின் பெயரைக் கேட்டு எவரும் மனம் நோக வேண்டாம். இவை எல்லாத் தாய்மாருக்கும் செய்யப்படுவன. இந்த இரண்டும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை இல்லாதொழித்தது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. எல்லோரையும் பரிசோதித்ததன் பலன் அது.

கர்ப்பப் பதிவேட்டில் ஒன்று தாயிடம் இருக்கும், மற்றது மருத்துவமாதிடம் இருக்கும். அடையாள அட்டையைப் பொத்திவைப்பதுபோல் அதைப் பொத்திவைக்க வேண்டும். மீண்டும் ஒருமுறை இடம் மாற நேர்ந்தால் முதலில் எடுக்க வேண்டிய பொருட்களில் அதுவும் ஒன்று. புதிய இடத்து மருத்துவமாது அதைப் பார்த்தே தொடர்ந்து கவனிக்க முடியும்.

இவ்வேற்பாடு நேற்று வந்ததல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. 1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது முப்பது அளவுக்கு இறங்கியுள்ளது. வீட்டுப்படி ஏறி வந்த மருத்துவமாதுக்கு இதிற் பெரும் பங்குண்டு. அந்தப் பலன் எங்களுக்கும் உரியது. எமது பகுதிக்கு மருத்துவமாது நியமிக்கப்படாதிருந்தால், கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் கேட்க வேண்டும். வீதிக்கும் குளத்துக்கும் மகஜர் எழுதும் நாம் இதற்கு எழுதாதிருப்பது ஏன்?

கணவன் இல்லாத நிலையில், அல்லது மணமாகாத நிலையில் கர்ப்பமுற்றோரே மிக நீண்ட காலம் மறைப்பவர்கள். ஊரின் நாக்குக்குப் பயந்து களவாக மருந்து வாங்கி உயிரை இழந்தோரும் உண்டு. அவர்களைத் தீர்ப்பிடுவது எமது வேலையல்ல. அவர்களது கதவைத் தட்டி, கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதே எமது வேலை.

லூக்கா நற்செய்தியில் இரண்டு கர்ப்பவதிகளைக் காண்கிறோம். வயது சென்ற எலிசபெத்தம்மாள் ஐந்து மாதம் தன்னை மறைத்துக்கொண்டிருந்தார். மரியாளோ செய்தி அறிந்தவுடன் மலைநாட்டுக்கு விரைந்து, நம்பிக்கையான பெண் ஒருவரிடம் சென்றார். மூன்று மாத அளவு அங்கே தங்கினார். பின்னர் பிள்ளையோடு எகிப்துக்கு ஓடவேண்டியிருந்த அகதித் தாயும் அவரே. மறைத்தவரையும் சொன்னவரையும் இறைவன் கைவிடவில்லை. ஆயினும் அந்த முதல் மாதங்களில் ஒருவர் துணையை மற்றவர் பெற்றது, மரியாள் நடந்து போய்க் கதவைத் தட்டியதனால்தான். எமது வாசகர்கள் எச் சமயத்தவராயினும் இந்த உண்மை பொதுவானது.

ஆகவே தாயாகப் போகும் சகோதரியே, மாதவிலக்குப் பிந்தினால் முதலில் கணவனிடம் சொல். அந்தக் கிழமையிலேயே மருத்துவமாதிடம் சொல். ஊருக்கு எப்போது சொல்வது என்பதை நீ உன் விருப்பப்படி பார்த்துக்கொள். கணவனே, அவள் சொன்ன அன்றே தண்ணீர்க் குடத்தை உன் கையில் எடு. மாமியாரே, "வாய் திறவாதே" என்று சொன்ன வாயால் "எழும்பு பிள்ளை, கிளினிக்குக்குப் போவோம்" என்று சொல்லுங்கள். எங்கள் நிலம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது எங்கள் கையில் மட்டும் இல்லை. ஆனால் அந்த நிலத்தை நாளை உழப்போகும் பிள்ளையின் முதல் மூன்று மாதமும் எங்கள் கையில்தான் இருக்கிறது.